மகன் கேட்ட மண்டு



கிழக்கிலங்கையிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இந்த மாதம் என் முன்னால் இருக்கிறது. அவருடைய மகன் தென்கொரியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். 2004 ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கும் இடையில் தொழிலாளர் உடன்பாடு ஏற்பட்ட பிறகு இப்படிப் போன பிள்ளைகள் நம் ஊர்களில் பலர் இருக்கிறார்கள். லீவில் வரவிருக்கும் அந்த மகன் தொலைபேசியில் உம்மாவிடம் ஒன்று கேட்டிருக்கிறார்: "இங்கே எல்லோரும் மண்டு சாப்பிடுகிறார்கள் உம்மா. மூன்று வருஷமாக நான் அந்த மணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போகிறேன். வீட்டுக்கு வந்தால் செய்து தருவீங்களா?"

அந்தத் தாய் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்கிறார். மண்டு என்றால் என்ன? அதை நாம் சாப்பிடலாமா? எப்படிச் செய்வது? கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருக்கிறது. "என் கைவிரல்களில் இப்போது வாதம். நெடுநேரம் இருந்து வேலை செய்ய முடியாது. ஆனாலும் பிள்ளை கேட்டு விட்டான்." மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். இந்தக் கடைசி வரிக்கும் பதில் இருக்கிறது.

முதலில், பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நம் பேச்சில் 'மண்டு' என்றால் மந்த புத்திக்காரர். கொரியர்களுக்கோ அது ஓர் அருமையான உணவு. கோதுமை மாவைக் குழைத்து, மெல்லிய வட்டமாக உருட்டி, நடுவே இறைச்சி, டோபு, மரக்கறி கலந்த பூரணத்தை வைத்து, மடித்து ஓரத்தை ஒட்டி, அவித்தோ கொதிக்க வைத்தோ பொரித்தோ எடுப்பதுதான் மண்டு. நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதன் நெருங்கிய சொந்தங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. துருக்கியிலும் மத்திய ஆசியாவிலும் 'மன்தி' என்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் 'மன்து'. மக்காவும் ஜித்தாவும் அடங்கிய ஹிஜாஸ் பகுதியிலும், மத்திய ஆசியாவிலிருந்து வந்து தங்கியவர்கள் கொண்டு வந்த மன்து இன்றும் விரும்பி உண்ணப்படுகிறது. சீனாவில் 'மன்தோ' என்று ஒன்று இருக்கிறது. இப்போது அது பூரணம் இல்லாத அவித்த ரொட்டி. பெயர்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் போல இருக்கின்றன அல்லவா? 13 ஆம், 14 ஆம் நூற்றாண்டுகளில் மங்கோலியர் ஆசியாவின் பெரும் பகுதியை ஆண்ட காலத்தில் இந்த உணவு கொரியாவுக்குள் போயிருக்க வேண்டும் என்பது பலருடைய கருத்து.

இதில் நம்மவர்களுக்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. அப்போது கொரியாவை ஆண்டது கொர்யோ அரச மரபு. அக்காலத்துப் பாடல் ஒன்று மாப்பண்டக் கடையொன்றைப் பற்றியது. அந்தக் கடைக்காரரைப் பாடல் 'ஹ்வே-ஹ்வே' என்ற சொல்லால் குறிப்பிடுகிறது. மத்திய ஆசியாவிலிருந்து வந்த முஸ்லிம்களைக் குறிக்கும் சொல் அது என்றே ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். பாடல் அந்த மனிதரை நல்லவராகக் காட்டவில்லை. அது வேறு விஷயம். ஏறத்தாழ 700 வருஷங்களுக்கு முன்னரே கொரியத் தலைநகரில் ஒரு முஸ்லிம் கடை போட்டு மாப்பண்டம் அவித்து விற்றிருக்கிறார் என்பதைத்தான் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். மகன் தாண்டிப் போகும் அந்தக் கடைக்கு நம்மவர்களோடு இப்படியும் ஒரு பழைய தொடர்பு!

இன்று கொரியாவில் மண்டு தெருவோரத்துத் தீன். அன்று அப்படியில்லை. அங்கே நெல்லும் பார்லியும் விளைந்த அளவுக்குக் கோதுமை விளையவில்லை. ஆகவே கோதுமை மா அருமைப் பொருளாக இருந்தது. அதற்கு 'மெய்யான மா' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பணக்கார வீடுகளிலும் அரண்மனையிலும்தான் அது புழங்கியது. மற்றவர்கள் பக்வீட் என்ற கறுப்புத் தானியத்தின் மாவைப் பயன்படுத்தினார்கள்.

2003 இல் கொரியாவில் ஒளிபரப்பாகத் தொடங்கி, பின்னர் நம் நாட்டில் 'சுஜாத தியணி' என்ற பெயரில் சிங்களத்தில் வந்த தொடர்நாடகத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் அரண்மனைப் பெண்களுக்கு மண்டு செய்யும் போட்டி ஒன்று வரும். ஜங்-கும் என்ற அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த மா காணாமற் போய்விடும். அவளோ கோவா இலையில் பூரணத்தைச் சுற்றி மண்டு செய்து வைப்பாள். ஒரு கோப்பை மாவுக்கு ஏன் இவ்வளவு கலவரம் என்று அப்போது நமக்குத் தோன்றியிருக்கும். மா அவ்வளவு விலைமதிப்பானது என்பதுதான் காரணம். இலையில் சுற்றுவதும் வெறும் கற்பனை அல்ல. மெல்லிய மீன் துண்டுக்குள் பூரணத்தை வைத்துச் செய்யும் மண்டுவும் கொரியாவில் உண்டு. வடக்கில் மேல்தோலே இல்லாமல், உருண்டையை மாவில் புரட்டி அவிப்பதும் உண்டு. இல்லாததை வைத்துச் சமாளிப்பது எந்த ஊர்ப் பெண்ணுக்கும் கைவந்த கலை.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். பெயர் ஜங் கெ-ஹ்யாங். 1598 இல் பிறந்து 1680 இல் மறைந்தவர். கல்வியும் பேரும் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். பல பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு, எழுபது வயதைக் கடந்த நிலையில், 1670 ஆம் ஆண்டளவில் ஒரு சமையல் நூலை எழுதினார். 'உம்சிக் திமிபாங்' என்பது அதன் பெயர். படித்த ஆண்கள் சீன எழுத்தில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பெண்கள் வாசிக்கக்கூடிய கொரிய எழுத்தில் அவர் எழுதினார். பக்வீட் மாவில் மண்டு செய்யும் முறை அதில் இருக்கிறது. முள்ளங்கியை நன்றாக அவித்து மசித்து, காட்டுக்கோழி போன்ற ஒரு பறவையின் மெல்லிய இறைச்சியைக் கொத்தி வதக்கிச் சேர்த்துப் பூரணம் செய்யச் சொல்கிறார்.

நூலின் முடிவில் அவர் எழுதி வைத்த குறிப்புத்தான் என் நெஞ்சைத் தொட்டது. கண் மங்கிய நிலையில் கஷ்டப்பட்டு எழுதியதாகச் சொல்கிறார். பெண்பிள்ளைகள் இதைப் பிரதி எடுத்துக்கொண்டு போகலாம், மூலநூலைக் கொண்டுபோக நினைக்க வேண்டாம், கெட்டுப் போகாமல் பத்திரமாக வைத்திருங்கள் என்ற கருத்தில் முடிக்கிறார். மணமாகிப் போகும் பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கைப்பக்குவம் கிடைக்க வேண்டும், ஒருத்தியோடு அது போய்விடக் கூடாது என்பது அவருடைய கவலை. 350 வருஷங்கள் கடந்தும் அந்த நூல் இருக்கிறது. நம் உம்மாமார் கண்ணளவிலும் கையளவிலும் செய்தவற்றில் எத்தனையை நாம் எழுதி வைத்திருக்கிறோம்?

இனி, அருமைப் பண்டம் அன்றாடப் பண்டமாக மாறிய கதைக்கு வருகிறேன்.

கொரியர்களின் சந்திர நாட்காட்டிப்படி வரும் புத்தாண்டில் காலையில் சூப் குடிப்பது வழக்கம். தெற்கில் அரிசி நன்றாக விளையும். அங்கே அரிசி மாவை அவித்து இடித்து, நீளமாக உருட்டி, வில்லைகளாக வெட்டிச் சூப்பில் போடுவார்கள். வடக்கில் அரிசி குறைவு, குளிர் அதிகம். அங்கே மண்டு சூப். நடுப்பகுதியில் இரண்டையும் ஒரே கோப்பையில் போடுவதும் உண்டு. புத்தாண்டுக்கு முதல் நாள் வீட்டார் எல்லோரும் சுற்றியிருந்து மண்டு மடிப்பார்கள். அழகாக மடிக்கும் பெண்ணுக்கு அழகான பெண்பிள்ளை பிறக்கும் என்று மூத்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

முன்பே இரண்டாகியிருந்த அந்த நாட்டின் பிரிவை, 1950 முதல் 1953 வரை நடந்த போர் இன்னும் இறுக்கியது. வடக்கிலிருந்து பெருந்தொகையானோர் தெற்கே ஓடி வந்தார்கள். இடையில் எல்லை மூடப்பட்டது. தாய் ஒரு பக்கம், பிள்ளை மறு பக்கம் என்று பிரிந்தவர்கள் ஏராளம். 1983 இல் தென்கொரியத் தொலைக்காட்சி, போரில் பிரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, அது 138 நாட்கள் நீண்டது என்றால் பாருங்கள்! தெற்கே வந்தவர்களால் வீட்டைத் தூக்கி வர முடியவில்லை. கையில் இருந்த பக்குவம் கூடவே வந்தது. டோபுவும் பயற்று முளையும் நிறையச் சேர்த்த, உள்ளங்கையை நிரப்பும் பெரிய வடக்கத்தி மண்டுவைச் சமைத்து விற்றுப் பிழைத்தவர்கள் உண்டு. சோல் நகரில் இன்றும் வடக்கத்தி மண்டுவுக்கென்றே பெயர் பெற்ற உணவகங்கள் இருக்கின்றன. ஊருக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு அந்தக் கோப்பை சூப்பே ஊராக இருந்திருக்கும். இதை நம் சகோதரிகளில் சிலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போருக்குப் பிறகு அமெரிக்க உதவியாகக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அரிசி போதாமல் இருந்ததால், மாவு உணவைச் சாப்பிடுங்கள் என்று அரசாங்கமே பிரசாரம் செய்தது. 1969 இல் புதன், சனி ஆகிய இரு நாட்களிலும் பகல் வேளையில் உணவகங்களில் சோறு விற்கக் கூடாது என்றும் வைத்தார்கள். இப்படித்தான் நூடில்ஸும் மண்டுவும் விற்கும் சின்னச் சின்னக் கடைகள் பாடசாலைகளுக்குப் பக்கத்திலெல்லாம் தோன்றின. அரண்மனைப் பண்டம் பள்ளிப் பிள்ளையின் கைக்கு வந்தது. பின்னர் உறைய வைத்த மண்டு பைகள் கடைகளில் குவிந்தன. இப்போது மண்டு இல்லாத குளிர்சாதனப் பெட்டி கொரியாவில் அரிது என்று சொல்லலாம். அவித்தால் 'ஜின் மண்டு', நீரில் கொதிக்க வைத்தால் 'முல் மண்டு', கல்லில் பொரித்தால் 'குன் மண்டு'. அப்பம் போலப் பெரிதாகப் பொங்கியது 'வாங் மண்டு', அதாவது அரச மண்டு. தேகு நகரத்தில் பூரணம் மிகக் குறைவாக வைத்துத் தட்டையாகப் பொரிப்பார்கள்.

அடுத்து, அந்தத் தாயின் இரண்டாவது கேள்வி. சாப்பிடலாமா?

மண்டு என்ற பண்டத்தில் தவறில்லை. பூரணத்தில்தான் கவனம் வேண்டும். கொரியாவில் கடை மண்டுகளில் பெரும்பாலும் சேர்வது பன்றி இறைச்சி. 'கிம்ச்சி மண்டு' என்று எழுதியிருந்தால் அது வெறும் ஊறவைத்த கோவா என்று நினைத்துவிடக் கூடாது. அதிலும் வழக்கமாகப் பன்றி இறைச்சி கலக்கப்படுகிறது. மரக்கறி மண்டு, இறால் மண்டு என்று பெயர் போட்டவற்றிலும் அது சேர்வது உண்டு. இறைச்சியின் வாடை போக அரிசி மது சிறிது ஊற்றும் வழக்கமும் இருக்கிறது. ஆகவே பெயரை நம்பி வாங்க வேண்டாம்.

கொரியாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லுங்கள். அந்நாட்டுச் சட்டப்படி, ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களைப் பையில் தனியாகக் காட்ட வேண்டும். பன்றி இறைச்சியும் அந்தப் பட்டியலில் அடங்கும். 'துவேஜிகோகி' என்றால் பன்றி இறைச்சி. அந்தச் சொல்லின் எழுத்து வடிவத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது இல்லையென்பதால் மட்டும் ஹலால் ஆகிவிடாது. மாட்டிறைச்சியும் கோழியும் எப்படி அறுக்கப்பட்டன என்ற கேள்வி இருக்கிறது. சோல் நகரில் இத்தேவோன் பகுதியில் 1976 இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் உண்டு. அதைச் சுற்றி ஹலால் இறைச்சிக் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. அங்கே இறைச்சி வாங்கி, அறையில் இருக்கும் நாலு பேர் சேர்ந்து ஒரு லீவு நாளில் செய்து கொள்ளலாம். மூன்று வருஷம் மணம் மட்டும் பிடித்த அந்தப் பிள்ளையின் பேணுதலை நான் மெச்சுகிறேன்.

மூன்றாவது கேள்வி, செய்முறை.

தேவையான பொருட்கள் (ஏறத்தாழ 40 மண்டுகளுக்கு)

கோதுமை மா 400 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, சுடுநீர் ஒரு கோப்பைக்குச் சற்றுக் குறைவாக. பூரணத்துக்கு: அரைத்த மாட்டிறைச்சி அல்லது கோழி இறைச்சி 250 கிராம், டோபு 200 கிராம், முளைவிட்ட பயறு 150 கிராம், பொடியாக அரிந்த கோவா 2 கோப்பை, வெங்காயத்தாள் ஒரு பிடி, உள்ளி 4 பல், இஞ்சி ஒரு சிறு துண்டு, முட்டை 1, சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, மிளகுதூள், உப்பு, நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. கொரியர்கள் வறுத்த எள்ளின் எண்ணெயைச் சேர்ப்பார்கள். நம் நல்லெண்ணெயில் அந்த மணம் குறைவு. இரண்டு தேக்கரண்டி எள்ளை வறுத்து இடித்துச் சேர்த்தால் சரியாகும்.

செய்முறை

மாவில் உப்பைக் கலந்து, சுடுநீரைச் சிறிது சிறிதாக விட்டுக் குழையுங்கள். காது மடலைத் தொட்டால் எப்படியிருக்குமோ அந்தப் பதம். ஈரத்துணியால் மூடி அரை மணித்தியாலம் வையுங்கள்.

கோவாவில் உப்பைத் தூவிக் கால் மணித்தியாலம் வைத்து, பிறகு இரு கைகளாலும் இறுகப் பிழியுங்கள். பயற்று முளையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, அரிந்து பிழியுங்கள். டோபுவை மெல்லிய துணியில் கட்டிப் பிழியுங்கள். மூன்று தடவை பிழியச் சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். மண்டுவின் இரகசியமே இதுதான். நீர் நின்றால் மேல்தோல் கிழிந்து எல்லாம் கூழாகிவிடும். பிழிந்தவற்றோடு இறைச்சியையும் மற்றப் பொருட்களையும் சேர்த்து நன்றாகப் பிசையுங்கள். ஒரு சிறு உருண்டையைத் தோசைக்கல்லில் சுட்டு உப்புப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாவைச் சிறு எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, மெல்லிய வட்டமாக உருட்டுங்கள். நடு சற்றுத் தடிப்பாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருக்கட்டும். ஒரு தேக்கரண்டி நிறையப் பூரணத்தை வைத்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு, காற்று உள்ளே நிற்காமல் அரைவட்டமாக மடித்து அழுத்துங்கள். இரு முனைகளையும் வளைத்து ஒட்டினால் கொரிய வீட்டு மண்டுவின் உருவம் வந்துவிடும்.

இடியப்பம் அவிக்கும் பாத்திரத்தில் கோவா இலையை விரித்து, ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி 12 நிமிடங்கள் அவியுங்கள். பொரிப்பதானால், சிறிது எண்ணெயில் அடிப்பக்கம் பொன்னிறமானதும் கால் கோப்பை நீரைத் தெளித்து மூடி, நீர் வற்றும்வரை விடுங்கள். சூப்புக்கு, எலும்புச் சூப் கொதிக்கும்போது போட்டு, மிதந்து வந்த பிறகும் சில நிமிடங்கள் வேகவிடுங்கள். சோயா சோஸில் சிறிது வினாகிரியும் மிளகாய்த்தூளும் கலந்தால் தொட்டுக்கொள்ள அது போதும். மிஞ்சியவற்றை வேக வைக்காமலே தட்டில் தனித்தனியாக உறைய வைத்து, பிறகு பையில் போட்டுக்கொள்ளலாம்.

இனி அந்தக் கடைசி வரி. வாதம் பிடித்த விரல்கள்.

சகோதரி, நாற்பது மண்டுகளையும் நீங்கள் ஒருவரே மடிக்கத் தேவையில்லை. கொரியாவில் இதே பண்டம் சில வீடுகளில் கண்ணீரையும் வரவழைத்திருக்கிறது. பண்டிகைக் காலத்தில் எல்லோரும் முன்னறையில் கதைத்துக்கொண்டிருக்க, மருமகள் மட்டும் அடுப்படியில் மடித்தும் அவித்தும் கழுவியும் ஓய்ந்து போவாள். தலைவலி, முதுகுவலி, மனச்சோர்வு என்று அவளுக்கு வருவதற்கு அங்கே 'பண்டிகை நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதனால் கடைப்பையை வாங்கிப் போடுவோம் என்று பலர் முடிவு செய்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிழை மண்டுவில் இல்லை. பல கைகள் சுற்றியிருந்து செய்ய வேண்டியதை ஒரு கையில் விட்டதுதான் பிழை. பல கைகள் மடித்தால் அரை மணித்தியாலத்தில் முடியும். கதையும் சிரிப்பும் கூடவே கிடைக்கும்.

ஆகவே, மகன் வந்ததும் பூரணத்தை மட்டும் நீங்கள் பார்த்துப் பதம் சொல்லுங்கள். பிழிவது அவருடைய வேலை. தொழிற்சாலையில் உரம் ஏறிய கைகள் டோபுவை நன்றாகவே பிழியும். வீட்டில் இருக்கும் ஆண், பெண், சிறுவர் எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்து மடிக்கட்டும். முதல் பத்தும் கோணல் மாணலாக வரும். வரட்டும். வாய்க்குள் போனால் எல்லாம் ஒன்றுதான். நீங்கள் செய்த பக்குவத்தை மகளோ மருமகளோ ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும், உங்கள் மற்றச் சமையல்களையும் சேர்த்து.

பிள்ளை திரும்பிப் போகும்போது, மடிக்கக் கற்ற கையோடு போவார். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை மணம் பிடித்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போக வேண்டியிருக்காது. அறையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் அவரே செய்து கொடுப்பார். எப்படி வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.